திருப்பி அனுப்ப வேண்டிய ஆள்

1

அந்தச் சனிக்கிழமை மதியம் சபைக் கட்டடத்தின் கீழறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டர் லிண்டா அம்மா. மேசையின் தலைப்பக்கம்.

ஹோவார்ட் பெரியவர். எண்பது தாண்டியவர். இந்த ஊர் உண்டானபோதே கப்பலில் வந்த குடும்பம். காதுக் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

டாம். சபைக் கணக்கு பார்ப்பவர். மற்ற நாளில் கார் விற்பவர்.

ஆர்கன் வாசிக்கும் அம்மா. கையில் கம்பளி நூலும் ஊசியும். கூட்டத்தில் அவர் வாய் திறந்ததில்லை. ஊசி மட்டும் நிற்காது.

என் மனைவி எஸ்தர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்தவள். நர்ஸ் உடுப்பு மாற்றவில்லை.

என் மகள் ரூத். பதின்மூன்று வயது. மொழிபெயர்க்க.

நான் ஞானராஜ். இந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்து, மணி அடித்து, பனி தள்ளிக் கொடுக்கிறவன்.

மேசை மேல் ஒரு கடிதம். திருப்பூர் மண்ணரையிலிருந்து வந்தது. ரூத் அதைக் கையில் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முந்தின நாள் நான் வாசித்துக் காட்டியதை மனதில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று சொல்லிவிட்டு இந்த அறைக்குத் திரும்புகிறேன்.

2

நான் எட்டாம் வகுப்பு வரைதான். சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்தவன். பிழைக்கத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் துணி விரித்து, வெட்டி, கடைசியில் கட்டிங் மாஸ்டர் ஆனேன். எஸ்தர் நர்ஸ் படித்தவள். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் ரூத்தும் ஒட்டிக்கொண்டு வந்தோம். ஆறு வருடம் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் ரூத் படித்த தமிழ் எழுத்து மறந்துபோனது.

புறப்படும்போது முதலாளி சொன்னார்.

“அமெரிக்காவுங்களா? அங்கிருந்துதானுங்க நம்ம ஆர்டரே வருது. நம்ம பனியன யாரு போடறாங்கன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லுங்க மாஸ்டர்.”

இது மாசசூசெட்சில் ஒரு சின்ன ஊர். ஆற்றங்கரையில் பெரிய பெரிய செங்கல் மில்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் துணி ஓடியவை. இப்போது உள்ளே வீடுகள். இங்கிருந்த வேலை எங்கள் ஊர்ப் பக்கம் போனது. வேலை அங்கே போக, நான் இங்கே வந்தேன். எனக்குத் தெரிந்த வேலைக்கு இங்கே மேசை இல்லை.

சபைக்குக் காவல் ஆள் வேண்டும் என்றார்கள். வேலையோடு பின்பக்கத்தில் ஒரு மரவீடும் உண்டு என்றார்கள். வாடகை இல்லை. சேர்ந்தேன்.

காலையில் பாய்லர் பார்க்க வேண்டும். இலை உதிரும் காலத்தில் இலை வார வேண்டும். பனிக் காலத்தில் பனி. பெஞ்சுகளுக்குச் சின்னக் கதவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஒரு பெட்டி. முன்னால் வசதிப்பட்டவர்கள், பின்னால் மற்றவர்கள், மேல் மாடத்தில் வேலைக்காரர்கள். இப்போது யாரும் எங்கேயும் உட்காரலாம். ஆனாலும் ஹோவார்ட் பெரியவர் அவர்கள் குடும்பப் பெட்டியை விட்டு நகர மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலை உண்டு. ஆராதனை நடக்கும்போது மேல் மாடத்தில் நின்று தலைகளை எண்ண வேண்டும். கீழே சுவரில் ஒரு பலகை. அன்றைய பாட்டு எண், அன்று வந்தவர் எண்ணிக்கை இரண்டையும் அட்டையில் போட்டுச் செருக வேண்டும்.

முதல் வாரம் நான் கேட்டேன், என்னையும் எண்ணுவதா என்று.

“நீ வேலையில் இருக்கிறாய். பெட்டியில் இருப்பவர்களை மட்டும் எண்ணு” என்றார் பெரியவர்.

நியாயம்தான். அப்படியே செய்துவந்தேன். எஸ்தரும் ரூத்தும் போன ஈஸ்டருக்கு உறுப்பினராகச் சேர்ந்தார்கள். அவர்கள் தலையை எண்ணுவேன். என் தலையை எண்ண மாட்டேன்.

3

கீழறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய பிரசங்கம் தொங்குகிறது. ஊரைத் தொடங்கிய வருடத்தில் முதல் போதகர் செய்தது. ஆண்டு விழாவில் அதிலிருந்து கொஞ்சம் வாசிப்பார்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ரூத்துக்குப் பத்து வயதில் அவள்தான் எனக்கு அர்த்தம் சொன்னாள்.

கப்பலில் வந்தவர்களுக்குச் சொன்ன புத்தி அது. நீங்கள் எல்லாரும் ஒரே உடம்பு. உடம்பைச் சேர்த்துக் கட்டியிருக்கிற நரம்பு அன்புதான். ஒருவன் அழுதால் எல்லாரும் அழ வேண்டும். ஒருவனுக்கு இல்லை என்றால் மற்றவன் மிச்சம் வைத்திருக்கக் கூடாது. கடவுள் சிலரை மேலேயும் சிலரைக் கீழேயும் வைத்தது ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவதற்காக. அந்தக் காலத்துப் பிரசங்கிகள் அநேகம் பேர் இப்படித்தான் பேசினார்கள் என்றார் பாஸ்டர் அம்மா.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் புதிதாக இல்லை. திருப்பூரில் ஆயுத பூஜை அன்று, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த பிறகு, எங்கள் முதலாளி இதையேதான் பேசுவார்.

ஒரு தடவை நான் வேறு கம்பெனிக்குப் போவதாகச் சொன்னேன். சோமனூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கியவர் கூப்பிட்டார். அன்று சாயந்திரமே முதலாளி மண்ணரையில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்துவிட்டார். கார் சந்துக்குள் நுழையாமல் நடந்து வந்தார்.

“ஏனுங்க மாஸ்டர், உங்களுக்கு நான் என்னங்க கொறை வெச்சேன்? மொதலாளி தொழிலாளின்னு என்னிக்காச்சும் பிரிச்சுப் பாத்திருக்கேனுங்களா? எல்லாம் ஒரே குடும்பமுங்க. குடும்பத்துலருந்து யாராச்சும் ராஜினாமா பண்ணுவாங்களா, நீங்களே சொல்லுங்க.”

கையில் தூக்குப் போசி. அவர் வீட்டம்மா ஒப்பிட்டு என்கிற போளி சுட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். ரூத் அப்போது கைக்குழந்தை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். பொய்யாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் போயிருப்பேன். ஒப்பிட்டைத் தின்றுவிட்டு மறுநாள் அதே மேசைக்குப் போனேன்.

ஹோவார்ட் பெரியவரிடம் ஒரு நாள் கேட்டேன். இந்த உடம்பை விட்டு யாராவது போக நினைத்தால்?

“போகலாம்” என்றார். “சபை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இவரை விடுவிக்கிறோம், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அது இல்லாமல் வேறு சபை சேர்க்காது.”

“கொடுக்கவில்லை என்றால்?”

“இருக்க வேண்டியதுதான்.”

“இருந்துகொண்டு எதிர்த்துப் பேசினால்?”

பெரியவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. “இந்த மாதிரி நாளில்கூட ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள்” என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை.

4

மண்ணரையில் எங்களுக்கும் ஒரு சபை உண்டு. ஒரு செக்கிங் யூனிட்டுக்கு மேல் உள்ள ஹால். தகரக் கூரை. தெற்கிலிருந்து வந்தவர்கள் அதிகம், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம். ஒவ்வொருவனும் ஒவ்வொரு பிரிவு. கைதட்டிப் பாட வேண்டும் என்பான் ஒருவன், கூடாது என்பான் இன்னொருவன். திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்குவதற்கு முன்னால் சண்டையைத் தீர்த்துவிட வேண்டும் என்பது கட்டளை. அதனால் சில ஞாயிறு திருவிருந்து மதியம் இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும்.

அங்கே ஒரு பழக்கம். திருவிருந்து ஞாயிறு அன்று குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் “இருக்கோம்” என்று சொல்ல வேண்டும். ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கினால் கம்பெனிக்கு ஞாயிறும் கிடையாது. பாதி சபை மெஷினில் இருக்கும். மெஷினில் இருப்பவனை இல்லாதவன் என்று எப்படி எழுதுவது? அதனால் பக்கத்தில் இருப்பவர் அவனுக்காகச் சொல்வார். “இருக்காங்க.” அப்படிச் சொன்னால் இருக்கிற கணக்குத்தான்.

நாங்கள் கிளம்பிய பிறகும் எங்கள் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பதில் சொல்வது மணியக்கா. உள்ளூர்க்காரர், செக்கிங்கில் வேலை. காலிங் கார்டில் பேசும்போது ஒரு நாள் போனை வாங்கிச் சொன்னார்.

“ஏனுங்க மாஸ்டர், நீங்க அங்க குளுகுளுன்னு இருக்கறீங்க. உங்க பேருக்கு இங்க நாந்தானுங்க தொண்டை கிழியக் கத்தறேன். வந்தா ஒரு கலர் சோடா வாங்கித் தந்துருங்க, ஆமாம்.”

“கத்தாட்டித்தான் என்னக்கா?”

“நல்லா இருக்குதுங்க. அப்பறம் உங்கள இல்லேன்னு எழுதிருவாங்கல்ல?”

5

இந்த வருடம் இலை உதிரத் தொடங்கியபோது சபைக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. சபைக்குச் சொந்தமான வீட்டில் குடியிருக்கும் வேலையாள் சபை உறுப்பினராக இருக்க வேண்டும். டாம் மரியாதையாகத்தான் சொன்னார்.

“இது உனக்காக இல்லை, ஜியான். பொதுவான விதி. நீ எங்களில் ஒருவன்தானே, ஏற்கெனவே.”

ஜியான் என்பது என் பெயர். ஞானராஜ் அவர் வாயில் நுழைவதில்லை.

ஆண்டு விழாவுக்குள் சேர வேண்டும். பழைய முறைப்படி ஊர்ச் சபையிலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும். அந்த முறையை இந்தப் பக்கத்தில் எந்தச் சபையும் இப்போது கேட்பதில்லை. ஹோவார்ட் பெரியவர் கேட்பார். எஸ்தர் தன் அம்மா ஊர்ச் சபையிலிருந்து வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அந்தக் கடிதம் வந்தால் மண்ணரையில் என் பெயரை எடுத்துவிடுவார்கள். மணியக்கா கத்த வேண்டியதில்லை. வராவிட்டால் பனிக்கு முன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கே போயிருவோமா?” என்றேன்.

“எனக்கு இங்க வேல இருக்கு. பிள்ளைக்கு இங்க பள்ளிக்கூடம் இருக்கு. உங்களுக்கு மண்ணரை இருக்கு” என்றாள். “வீடு போச்சுன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல நானும் அவளும் ஒரு ரூம் பாத்துக்கிடுதோம். நீங்க போறதுன்னா போங்க.”

“கோவத்துல சொல்லுதியா?”

“இல்ல. இருக்கறதச் சொல்லுதேன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ரூத் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்லத்துரைக்குப் போன் செய்தேன். அவன் என்னோடு ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்தவன். கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறான். மண்ணரைச் சபைக்குச் செயலாளரும் அவன்தான்.

“விடுவிக்கோம்னு ஒரு கடுதாசி எழுதி அனுப்பு, வே” என்றேன்.

“என்னன்னு எழுதணும்? ஒன்ன வேண்டாம்னு எழுதணுமா?”

“வேண்டாம்னு இல்ல, வே. அவங்களுக்குக் குடுத்துட்டோம்னு.”

“சபையில கேட்டுட்டுத்தான் எழுத முடியும். இந்தா கரண்டு போயிட்டு. வையி.”

மூன்று வாரம் கழித்து வந்தது. எஸ்தர் முதலில் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சபை முழுவதும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சிலர் கைநாட்டு. மேலே செல்லத்துரை எழுதியது இதுதான்.

அனுப்புவோர்: மண்ணரை சபை. பெறுவோர்: அமெரிக்க சபையார் அவர்கள். விவரம்: ஞானராஜ், கட்டிங் மாஸ்டர், ஒரு நபர். நிலை: நல்ல நிலை. வலது முழங்கால் மட்டும் லேசாக வலிக்கும், பார்த்துக்கொள்ளவும். மேற்படி நபர் ஜாப் ஒர்க்குக்காக மட்டும் அன்புடன் அனுப்பப்படுகிறார். விற்பனைக்கு அல்ல. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும்.

திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துணி நம்முடையது. சாயம் போட, பிரிண்ட் அடிக்க வெளியே அனுப்புவோம். வேலை செய்கிறவன் கையில் துணி இருந்தாலும் அது அவனுடையது ஆகாது. அதற்குத்தான் கூடவே சலான் போகும். செல்லத்துரை இருபது வருடமாக அந்தச் சலானை எழுதுகிறவன்.

விளையாட்டாக எழுதினானா என்று போனில் கேட்டேன்.

“எனக்கு வேற மாதிரி எழுத வராது, வே. வெளிய போற எதுக்கும் இப்படித்தான் எழுதுதேன். சபையில வாசிச்சேன், எல்லாரும் சரின்னுட்டாவ. மணியக்காதான் முழங்காலையும் சேத்து எழுதுங்கன்னா.”

6

வெள்ளிக்கிழமை ரூத்துக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

“ஜாப் ஒர்க்னா என்னப்பா?”

சொன்னேன். துணி, சாயம், சலான் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“அப்போ நீங்க அவங்களோடதா?”

“அது சும்மா ஒரு முறை, ரூத்து. செல்லத்துரை மாமாவுக்கு அப்படித்தான் எழுத வரும்.”

“எங்களோடது இல்லையா?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“லாஸ்ட் லைன் இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள்.

“வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும்.”

“வேலை எப்ப முடியும்?”

“தெரியல.”

என் மனதில் ஒன்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வரியைக் கேட்டால் ஹோவார்ட் பெரியவர் ஒப்ப மாட்டார். ஒரே ஆள் இரண்டு உடம்பில் இருக்க முடியாது என்பார். அப்போது நான் மாட்டேன் என்று சொன்னதாக ஆகாது. கடிதம் சொன்னதாக ஆகும். ஒரு வாசல் திறக்கும். திறந்தால் நடப்பேனா, எஸ்தரையும் ரூத்தையும் விட்டுவிட்டு நடப்பேனா, தெரியாது. திறந்தால் போதும் என்று இருந்தது.

7

இப்போது அந்தக் கீழறை.

ரூத் எழுந்து நின்றாள். கடிதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். வாசிக்கிறவள் போலக் கண்ணை அதில் ஓட்டினாள். ஆங்கிலத்தில் சொன்னாள். என் ஆங்கிலம் பாய்லருக்கும் பனிக்கும் ஆனது. ஆனாலும் இது புரிந்தது.

“இவர் எங்கள் ஆள். பெயர் ஞானராஜ். நல்ல நிலையில் இருக்கிறார். வலது முழங்கால் வலிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இவரை அன்போடு உங்களுக்கு அனுப்புகிறோம்.”

நிறுத்தினாள்.

பாஸ்டர் அம்மா கையை நெஞ்சில் வைத்தார். முழங்காலைக்கூட நினைத்திருக்கிறார்களே என்றார்.

ஹோவார்ட் பெரியவர் காதுக் கருவியைத் திருகினார். “இவ்வளவு பெரிய கடிதம். இவ்வளவுதானா?”

ரூத் அவரைப் பார்த்தாள்.

“தமிழ் ரொம்ப நீளமான மொழி” என்றாள்.

டாம் வாய்விட்டுச் சிரித்தார். ஆர்கன் அம்மாவும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. கடிதத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். ரூத்தின் கட்டைவிரல் கடைசி வரியின் மேல் இருந்தது. அந்த அறையில் அதை வாசிக்கக் கூடியவர்கள் நானும் எஸ்தரும்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளை சரியான வரியை மறைத்திருந்தாள். நகம் வெளுத்துப்போயிருந்தது.

“மகள் சொன்னது சரிதானா, ஜியான்?” என்றார் பெரியவர்.

எஸ்தரைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது எனக்கு ஆங்கிலத்திலும் தெரியும். சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் என் பிள்ளை பொய்க்காரி.

“யெஸ்” என்றேன்.

பெரியவர் எழுந்து வந்து கை கொடுத்தார். என் கையை விடுவதற்கு நேரம் ஆயிற்று. கிழவருக்கு நல்ல பிடி.

வெளியே வந்தோம். எஸ்தர் முன்னால் நடந்தாள். இலை மறுபடி கணுக்கால் வரை கிடந்தது, காலையில்தான் வாரியிருந்தேன். ரூத் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் பிடித்தது. இங்கே வந்த பிறகு பிடித்ததில்லை.

“கோவமா?” என்றாள்.

“இல்ல.”

“நீங்க போகக் கூடாது” என்றாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னாள்.

8

செல்லத்துரைக்குப் போன் செய்தேன்.

“வாங்கிக்கிட்டாவளா?”

“வாங்கிக்கிட்டாங்க.”

“திருப்பி அனுப்புற தேதி ஏதும் கேட்டாவளா?”

“கேக்கல.”

“அப்ப சரி. நானும் போடல. தேதி போடாத சலான் முடிஞ்சதா ஆவாது. பெண்டிங்லயே கெடக்கும்.” பிறகு கேட்டான். “மணியக்காட்ட சத்தத்தக் கொறைக்கச் சொல்லவா, வேண்டாமா?”

“வேண்டாம்.”

மறுநாள் ஆண்டு விழா. பழைய பிரசங்கத்தைப் பாஸ்டர் அம்மா வாசித்தார். ஒரே உடம்பு, நரம்பு, அன்பு. பிறகு என்னைக் கூப்பிட்டார். உறுப்பினர்களின் உடன்படிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போடலாமா என்று கேட்டேன். போடு என்றார்கள். எல்லாரும் எழுந்து நின்று, சேர்ந்து நடப்போம், பிரிய மாட்டோம் என்று சொன்னார்கள். ரூத் பெட்டியில் தன் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். நான் மேல் மாடத்துக்குப் போனேன். எண்ண வேண்டும்.

ஹோவார்ட் பெரியவரில் தொடங்கி, எஸ்தர், ரூத் வரைக்கும் எண்ணினேன். முப்பத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தொன்று.

கீழே இறங்கினேன். டப்பாவிலிருந்து எண் அட்டைகளை எடுத்தேன். பெரியவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் செருகினேன்.

32.